மிச்சம் 400 மீட்டர்

ஷூவின் அடிப்பாகம் என் கையில் நமத்துப்போன ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

கொலுப் பெட்டியை இறக்க லாஃப்டில் ஏறியிருந்தேன். பெட்டிக்குப் பின்னால் மஞ்சப்பை ஒன்று. அவிழ்த்துப் பார்த்தால் என் மலை ஷூ. மேல் தோல் வைத்தபடியே இருந்தது. கயிறு, கொக்கி எதுவும் கெடவில்லை. தூசி போகட்டும் என்று ஒன்றோடொன்று தட்டியதுதான் தாமதம், இரண்டின் சோலும் பிளந்து கறுப்புப் பொடியாக ஏணிப்படியெல்லாம் கொட்டியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "என்னடி அது, எலிப் புழுக்கையா?" என்றாள்.

எலி தின்னவில்லை, காற்று தின்றிருக்கிறது. இந்த வகை ஷூக்களில் காலுக்கும் தரைக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பது பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதற்குள் நுழைந்து மெல்ல மெல்ல அதன் கட்டுகளை அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். நடந்துகொண்டே இருந்தால் மெத்தை அமுங்கி அமுங்கி ஈரம் வெளியேறும். பெட்டியில் பத்திரமாக வைத்தால் உள்ளேயே இருந்து அரிக்கும். சென்னையின் கடற்காற்றில், பரணில், பல வருடம். வேறென்ன ஆகும்?

2010இல் வாங்கியது. அன்றைய என் சம்பளத்தில் கால் பங்கு அதற்கே போனது. "இந்தக் காசுக்கு ஒரு மோதிரம் வாங்கியிருக்கலாம்" என்று அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஷூவோடும் 12 கிலோ முதுகுப்பையோடும் அலைந்த இடங்களில் பல மங்கிவிட்டன. இரண்டு மட்டும் விடாமல் கனவில் வருகின்றன. ஒன்று நான் கடந்த கணவாய். இன்னொன்று நான் ஏறாமல் திரும்பிய ஏணி.

*

கணவாய் நேபாளத்தில் இருக்கிறது. பெயர் தொரோங் லா, உயரம் 5,416 மீட்டர். அன்னபூர்ணா மலைக்கூட்டத்தைச் சுற்றி வரும் நடைபாதையின் உச்சி அதுதான். 2011 அக்டோபரில் போனேன்.

பெசிசஹரில் தொடங்கும்போது 760 மீட்டர்தான். நெல் வயல், வாழை, வேர்வை. ஏதோ நம் ஊர் மாதிரியே இருக்கும். மர்ஸ்யாங்டி ஆற்றை எதிர்த்து மேலே போகப் போக வயல் போய் மக்காச்சோளம் வரும், அது போய்ப் பைன் மரம் வரும், அதுவும் போய் வெறும் மண்ணும் கல்லும் காற்றும் மிஞ்சும். ஒரே ஆற்றின் கரையில் பத்து நாளில் மூன்று நாடுகளைக் கடந்த மாதிரி இருந்தது. 3,500 மீட்டருக்கு மேலே இருக்கும் மனாங் கிராமம் வெளிநாட்டு நடையர்களுக்குத் திறந்ததே 1977இல்தான்.

என்னோடு வந்த வழிகாட்டிப் பையனுக்கு இருபத்துநான்கு வயது இருக்கும். என்னை "தீதி" என்பான், அக்கா என்று அர்த்தம். நான் அவனை "பாய்" என்பேன், தம்பி. அவன் அந்த நடை முழுக்க எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை ஒரு சொல்தான்: "பிஸ்தாரி". மெதுவாக. மூச்சு முட்டாதபோதும் பிஸ்தாரி, சமதரையிலும் பிஸ்தாரி. என்னைத் தாண்டி நீளக்கால் ஐரோப்பிய வாலிபர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவார்கள். அவர்களில் இருவரை மனாங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிலையில் பார்த்தேன். 3,000 மீட்டருக்கு மேல் இரவுக்கு இரவு படுக்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழக அவ்வளவு நாள் கேட்கும். மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறிய மருத்துவ நிலையம் இருக்கிறது. பருவகாலத்தில் பிற்பகலில் அங்கே உட்கார வைத்து, மலைநோய் எப்படி வரும், எப்போது இறங்கிவிட வேண்டும் என்று பாடம் எடுப்பார்கள். என் வாழ்க்கையில் ஒரு வகுப்பை நான் இமைக்காமல் கேட்டது அன்றுதான்.

அந்த நாட்களில் எதற்கு ஏங்குகிறேன் என்று கேட்டால் முதலில் சமையலறையைச் சொல்வேன். பிசாங் கிராமத்துக்கு மேலே ஒரு தேநீர்விடுதி. வெளியே விரல் விறைக்கும் குளிர். உள்ளே மண் அடுப்பைச் சுற்றி நாங்கள், சுமைக்காரர்கள், விடுதிக்கார அம்மாள், ஒரு பூனை. பித்தளைத் தட்டில் சோறு மலை மாதிரி, சுற்றிலும் பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். தால் பாத். ஒரு முறை காசு கொடுத்தால் போதும், வயிறு நிறையும் வரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். "போதும்" என்று தட்டை நான் கையால் மறைக்க, அந்த அம்மாள் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி பருப்பை ஊற்றிவிட்டுச் சிரித்தாள். என் பாட்டி செய்வதும் அதையேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமைக்காரர் தன் நாம்லோவை, அதாவது சுமையைத் தாங்கும் நெற்றிப் பட்டையை, அடுப்போரம் காயப் போட்டிருந்தார். அவர் நெற்றியின் குறுக்கே அந்தப் பட்டை பள்ளம் போட்டிருந்தது. மூன்று வெளிநாட்டவரின் பைகளை ஒன்றாகக் கட்டி அந்த நெற்றியில் சுமந்துகொண்டு, ரப்பர் செருப்போடு வந்திருந்தார். என் ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே அவர் வாயைத் திறந்து மூடினார்.

கணவாய் நாள். நெற்றி விளக்கோடு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கு மேல் அங்கே காற்று ஆளைத் தள்ளும், அதற்குள் கடந்துவிட வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. நான்கு அடி, ஒரு நிற்றல். நான்கு அடி, ஒரு நிற்றல். போத்தலில் தண்ணீர் உறைந்துவிட்டது. முன்னால் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தன, கார்த்திகை விளக்கை யாரோ மலைச்சரிவில் ஏற்றி வைத்த மாதிரி. உச்சி என்று நான் நினைத்த மேடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு மேடு. கடைசியில் மந்திரக் கொடிகள் படபடக்கும் சத்தம் காதில் விழுந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்கு வந்து சேர்ந்தது அந்த இடம். பாய் என் முதுகில் தட்டி, முதல்முறையாக வேறொரு சொல் சொன்னான்: "புக்யோ, தீதி." வந்து சேர்ந்தாச்சு அக்கா.

*

மறுபக்கம் 1,600 மீட்டர் இறக்கம். முழங்கால் நடுங்க முக்திநாத்தில் போய் விழுந்தபோது, யாரோ தமிழில், "தீர்த்தம் ரொம்ப ஜில்லுன்னு இருக்கு, தலைக்கு விட்டுக்காதீங்கோ" என்று கத்துவது கேட்டது. மலைநோய் தலைக்கேறிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் இதுதான் என்பார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம். கோயிலுக்குப் பின்னால் 108 மாட்டு முகங்களிலிருந்து பனித்தண்ணீர் கொட்டும். கீழே ஓடும் காளி கண்டகி ஆற்றில்தான் சாளக்கிராமக் கற்கள் கிடைக்கின்றன. உடைத்தால் உள்ளே சுருள் சுருளாகச் சங்குக் கோலம் இருக்கும். இமயம் எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரின் புதைபடிவம் அது.

மடிசாரும் அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டருமாக நின்ற மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். உதடு வெடித்து, மூக்குத் தோல் உரிந்து, பத்து நாள் குளிக்காமல் நின்றேன் நான்.

"எங்கேர்ந்து வர்றே கொழந்தே?"

"மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து மாமி. நடந்து."

"நடந்தா? ஏன், ஜீப் கெடைக்கலியா?"

பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பினேன். மாமி புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அவர்கள் போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம், அங்கிருந்து ஜீப் என்று வந்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் கேள்விதான் ஜெயித்துவிட்டது. நான் போன வருடமே, நான் நடந்து வந்த மனாங் பக்கத்தில் பாறைக்கு வெடிவைத்துச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது மனாங் வரைக்கும் ஜீப் போகிறது. நடப்பவர்களுக்கென்று சாலையை விட்டு விலகி, சிவப்பு வெள்ளைக் கோடு போட்டு வேறு வழிகளைக் குறித்திருக்கிறார்கள். சாலை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பிரசவ வலி எடுத்த பெண்ணை மூன்று நாள் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனாலும் என் பத்து நாளை யாரோ ஒரு நாளாகச் சுருட்டி வைத்துவிட்ட மாதிரி ஒரு வலி. மறுபடி போனாலும் அந்தப் பாதை அங்கே இருக்காது.

2014 அக்டோபரில் வங்கக்கடலில் ஹுத்ஹுத் புயல் கிளம்பியபோது நான் இங்கே, துணி காயப்போடலாமா வேண்டாமா என்று மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம். அதன் மிச்ச ஈரம் வடக்கே போய் 14ஆம் தேதி தொரோங் லாவைச் சுற்றிப் பனியாகக் கொட்டியது. நடைபயணிகள், வழிகாட்டிகள், சுமைக்காரர்கள் என 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் கடந்த அதே வாரம், மூன்று வருடம் தள்ளி. நம் கடலில் பிறந்த காற்றுக்கு அந்தக் கணவாய்க்கு வழி தெரிந்திருக்கிறது என்பதை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பாயின் எண்ணுக்கு அடித்தேன். நான்கு நாள் கழித்து, "நான் போக்ராவில் இருக்கிறேன் தீதி" என்று ஒரு வரி வந்தது. ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன்.

*

ஏணி வேறொரு நாட்டில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கிறது. போர்னியோத் தீவின் முலு தேசியப் பூங்கா. 2000ஆவது ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காடு. 2013 ஆகஸ்டில் போனேன்.

அங்கே குனோங் ஆப்பி என்ற மலையின் தோளில் சுண்ணாம்புக் கற்கள் கத்தி முனைகளாக, 45 மீட்டர் உயரம் வரைக்கும், காட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கின்றன. பின்னக்கிள்ஸ் என்பார்கள். மழை லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து, கரையாமல் விட்டு வைத்த மிச்சம் அது. அதைப் பார்க்க மீரி நகரத்திலிருந்து சின்ன விமானம், பிறகு நீளப்படகு, பிறகு காட்டுக்குள் 8.8 கிலோமீட்டர் நடை, ஐந்தாம் முகாமில் ஒரு இரவு.

அந்த 8.8 கிலோமீட்டரும் சமதரைதான், ஆனால் அட்டையின் ராஜ்ஜியம். இலை நுனியில் ஊசி மாதிரி நின்றுகொண்டு காற்றைத் துழாவும். ஷூவின் கொக்கிகளுக்கு நடுவே நூல் நுழைகிற இடைவெளியில் நுழைந்துவிடும். கடித்தது தெரியாது. முகாமில் சாக்ஸைக் கழற்றினால் சிவப்பு. ரத்தம் உறையாமல் இருக்க அது எதையோ உமிழ்ந்துவிட்டுப் போவதால் மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வழிகாட்டி ஒரு பெராவன் பழங்குடி இளைஞர். என்னை "காக்" என்றார். மலாயில் அக்கா. நாடு மாறினாலும் உறவு மாறவில்லை என்று எனக்குச் சந்தோஷம். என் கணுக்காலைப் பார்த்துவிட்டு, "ரத்தம் ருசியாக இருந்திருக்கிறது" என்றார்.

மறுநாள் ஏற வேண்டியது 2.4 கிலோமீட்டர் மட்டுமே. என் வீட்டிலிருந்து காய்கறி மார்க்கெட் தூரம். அந்த 2.4 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டர் உயர வேண்டும். பாதை என்று ஒன்று கிடையாது, வேரும் கூர்ப்பாறையும்தான். கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை கிழியும். கடைசி 400 மீட்டர் கயிறும் ஏணியும். ஒரே ஒரு விதி: காலை 11 மணிக்குள் 2 கிலோமீட்டர் குறியை, ஏணிகள் தொடங்கும் இடத்தை, தொட்டுவிட வேண்டும். இல்லையென்றால் திரும்ப வேண்டும். ஏறுவதைவிட இறங்கத்தான் அதிக நேரம் பிடிக்கும், காட்டில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும்.

இரவெல்லாம் மழை. கிளம்பவே தாமதம். நேபாளத்தில் கற்ற பிஸ்தாரியை நான் பெருமையோடு கையில் எடுத்துக்கொண்டேன். அது குளிர்நாட்டு வித்தை. இங்கே நின்றாலும் வேர்த்தது. இறங்கும்போது குடிக்கலாம் என்று எல்லோரையும் போல ஒரு போத்தலைக் கைக்குட்டை கட்டிப் பாதையோரம் வைத்தேன், எடை குறையட்டும் என்று. ஒன்றரைக் கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கில் ஒரு குடுவைச்செடி, வாயைத் திறந்து, உள்ளே மழைத்தண்ணீரும் இரண்டு எறும்புமாக நின்றது. அதைப் பார்க்கும் சாக்கில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஏணியின் அடியில் போய் நின்றபோது மணி 11.20. அலுமினிய ஏணி, மழையில் பளபளத்தது. ஏழெட்டுப் படிக்கு மேல் அது ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. முன்னே போனவர்களின் கூச்சல் மேலேயிருந்து கேட்டது. எதையோ பார்த்துவிட்டவர்களின் கூச்சல். நான் முதல் படியில் கை வைத்தேன். வழிகாட்டி தன் கடிகாரத்தைக் காட்டினார். கெஞ்சினேன். அரை மணியில் போய் வந்துவிடுவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மலாயில் ஒரு பழமொழி சொல்லிவிட்டு, அர்த்தமும் சொன்னார்: துரத்தினால் மலை ஓடிவிடாது, மூடுபனி கலைந்தால் தானே தெரியும்.

திரும்பினேன். போத்தலை எடுத்தேன். கைக்குட்டையை எடுக்க மறந்துவிட்டேன்.

அன்றிரவு ஆறுதலுக்காக அந்த மலைகளின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து முலு மலை உச்சியை 1850களில் ஸ்பென்சர் செயின்ட் ஜான் என்ற பிரிட்டிஷ் அதிகாரி முயன்று தோற்றுத் திரும்பியிருக்கிறார். 1920களில் தாமா நிலோங் என்ற பெராவன் வேட்டைக்காரர், காண்டாமிருகத்தின் பின்னால் போனவர், ஒரு முகட்டு வழியைக் கண்டுபிடித்தார். அந்த வழியாகத்தான் 1932இல் ஆக்ஸ்போர்டு குழு உச்சிக்குப் போனது. மலை உண்மையிலேயே ஓடவில்லை. முக்கால் நூற்றாண்டு அங்கேயே காத்திருந்திருக்கிறது.

*

பிறகு ஏன் போகவில்லை? ஒரு பெரிய காரணம் இருந்தால் எழுத வசதியாக இருக்கும். இல்லை. 2015 இலையுதிர் காலத்தில் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்குக்குத் திட்டம் போட்டிருந்தேன். அந்த ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் லாங்டாங் கிராமமே பனிச்சரிவில் புதைந்தது. மறு வருடம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதற்கடுத்து பதவி உயர்வு, அப்புறம் கொரோனா, அப்புறம் அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியாக விட மனமில்லை. "அடுத்த வருஷம்" என்று சொல்லிச் சொல்லி, ஷூவை ஒரு மஞ்சப்பையில் சுற்றி மேலே வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று.

தொரோங் லாவை நினைத்தால் சந்தோஷம்தான் வருகிறது. அது முடிந்த கதை, ஆல்பத்தில் இருக்கிறது. ஏக்கம் என்று நெஞ்சைப் பிடிப்பது அந்த 400 மீட்டர். பின்னக்கிள்ஸின் படத்தை யாராவது அனுப்பினால் இன்றும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் அதுவும் முடிந்துவிடும். அந்த ஏணியின் அடியில் முப்பத்தாறு வயதில் ஒருத்தி இன்னும் ஒரு கையைப் படியில் வைத்தபடி நிற்கிறாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கால் வலி உண்டு, இ.எம்.ஐ. கிடையாது.

*

தெருமுனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஷூவைக் கொண்டுபோனேன். விரலால் மீதி சோலையும் சுரண்டித் தள்ளினார். தோலை வளைத்துப் பார்த்தார்.

"மேல் அப்படியே இரும்பு மாதிரி இருக்கும்மா. அடிதான் போச்சு. போடாம வெச்சிருந்தீங்களா?"

"ஆமாண்ணே."

"அதான். நாலு பேர் காலை வாரி விட்டதே இந்த மாதிரி வெச்சிருந்த ஷூதான். போட்டுப் போட்டுத் தேயணும்மா. தேஞ்சா தெச்சுக்கலாம், பொடியானா என்ன பண்றது?"

இரண்டு நாட்டில் அக்காவாக இருந்தவள் மரத்தடியில் அம்மாவாகிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

டயர் ரப்பரில் சோல் வெட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, சுற்றித் தையலும் போட்டுத் தருவதாகச் சொன்னார். மழையில் பாறையில் வழுக்குமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "எந்தப் பாறைம்மா?" என்றார்.

சொல்லவில்லை. முன்பணம் கொடுத்தேன்.

"எப்ப வேணும்? அவசரமா?"

அவசரமில்லை, மெதுவாகச் செய்யுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிஸ்தாரி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை வேணும்ண்ணே," என்றேன். "பதினோரு மணிக்குள்ள."